இயேசு சொன்னதும் சீடர்கள் தொழுததும்

1942-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், போரில் சிக்கியிருந்த பிரிட்டன் மக்களுக்கு பிபிசி வானொலியில் கிறிஸ்தவ நம்பிக்கையை விளக்கிப் பேசிவந்தார் சி.எஸ். லூயிஸ். ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர். நாத்திகராக இருந்து மனம் மாறியவர். இயேசுவை நல்ல போதகர் என்ற அளவில் ஏற்கிறோம், கடவுள் என்ற பேச்சு மட்டும் வேண்டாம் என்பவர்களுக்கு அவர் ஒரு கிடுக்கிப்பிடி போட்டார். தம்மைப் பற்றி இயேசு பேசியதுபோல ஒரு மனிதர் பேசினால் அவர் சித்தம் கலங்கியவராக இருக்க வேண்டும், இல்லையேல் ஊரை ஏய்ப்பவராக இருக்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் அவர் சொன்னது உண்மை. நல்ல போதகர் என்ற வசதியான நான்காவது வழி கிடையாது என்றார். 1952-இல் அந்தப் பேச்சுகள் ஒரே நூலாகத் தொகுக்கப்பட்டன. 1972-இல் அமெரிக்கப் பிரசாரகர் ஜோஷ் மெக்டவல் தம் புத்தகத்தில் எடுத்தாண்ட பிறகு அது ஒரு சூத்திரமாகவே ஆகிவிட்டது. நம் ஊர் கன்வென்ஷன் மேடைகளிலும் கேட்கலாம். எதிர்த்தரப்பிடமும் அதே அளவுக்குக் கச்சிதமான சவால் ஒன்று இருக்கிறது. தாம் கடவுள், தம்மை வணங்க வேண்டும் என்று இயேசு தம் வாயால் சொன்ன ஒரே ஒரு வசனத்தைக் காட்டுங்கள் என்பதே அது. திரித்துவத்தை ஏற்காத யூனிட்டேரியன்கள், யெகோவாவின் சாட்சிகள், இஸ்லாமியப் பேச்சாளர்கள், நாத்திகர்கள் எனப் பலரும் வெவ்வேறு நோக்கத்தோடு இதைக் கேட்கிறார்கள்.

இந்த இரண்டு தரப்பும் முட்டிக்கொண்டாலும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: இயேசு தம்மைப் பற்றிக் கொடுத்த வாக்குமூலத்தை வைத்துத்தான் இந்த வழக்குக்குத் தீர்ப்பு எழுத வேண்டும் என்பதில். அந்த உடன்பாடுதான் தவறு என்பது என் வாதம். பழைய ஆதாரங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், நசரேத்து இயேசு தம்மைக் கடவுள் என்று வெளிப்படையாக அறிவித்தார் என்று நிறுவுவது மிகக் கடினம். ஆனால் அவர் கொல்லப்பட்டு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குள், ஒரே கடவுளைத் தவிர வேறு யாரையும் வணங்காத யூதர்கள் அவர் பெயரைச் சொல்லித் தொழுதார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. திருச்சபையின் நம்பிக்கை முளைத்தது இந்த இரண்டாவது இடத்தில். முதலாவது இடத்தில் அது முளைத்ததாகச் சொல்லி ஒரு தரப்பு தற்காக்கிறது, மறு தரப்பு தாக்குகிறது.

சான்றுகளின் காலத்தைக் கவனித்தால்தான் மற்றவை புரியும். புதிய ஏற்பாட்டில் மிகப் பழையவை நற்செய்திகள் அல்ல, பவுலின் கடிதங்கள். அவை கி.பி. 50-ஐ ஒட்டித் தொடங்குகின்றன. நற்செய்திகளில் முதலில் எழுதப்பட்டது மாற்கு, சுமார் கி.பி. 70. மத்தேயுவும் லூக்காவும் மாற்குவைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினார்கள் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. யோவான் கடைசி, நூற்றாண்டின் இறுதிவாக்கில். இப்போது மாற்குவில் வரும் ஒரு காட்சி. செல்வர் ஒருவர் ஓடிவந்து முழந்தாளிட்டு, நல்ல போதகரே என்று இயேசுவை விளிக்கிறார். தம்மை ஏன் நல்லவர் என்கிறாய், கடவுள் ஒருவரே நல்லவர் என்ற பொருளில் இயேசு மறுமொழி சொல்கிறார். கடவுளையும் தம்மையும் அவர் பிரித்துப் பேசுவதாகவே எந்த வாசகருக்கும் தோன்றும். மத்தேயுவுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். ஏனென்றால் அவர் அதே காட்சியை எழுதும்போது, நன்மையைப் பற்றி என்னிடம் ஏன் கேட்கிறாய் என்பதாக மறுமொழியை மாற்றிவிடுகிறார். தமிழ் வாசகர்கள் இதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். புராட்டஸ்டன்ட் வீடுகளில் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் மத்தேயு 19:17-உம் மாற்கு 10:18-உம் ஒன்றுபோலவே இருக்கும். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் இரண்டும் வேறுபடும். பழையது, பிற்காலப் படியெடுப்பவர்கள் மத்தேயுவை மாற்குவோடு ஒட்டவைத்த கிரேக்கப் பாடத்தைப் பின்பற்றியது. புதியது தொன்மையான படிகளைப் பின்பற்றியது. முதல் நூற்றாண்டிலேயே ஒரு நற்செய்தியாளருக்கு அந்த மறுமொழி நெருடியிருக்கிறது என்பதற்கு இதைவிடக் கண்கூடான தடயம் கிடைப்பது அரிது.

லூயிஸ் தரப்பு இங்கே கப்பர்நாகூமை நினைவூட்டும், நியாயம்தான். கூரையைப் பிரித்து ஒரு முடக்குவாதக்காரரைக் கீழே இறக்குகிறார்கள். அவருடைய பாவங்கள் மன்னிக்கப்பட்டதாக இயேசு சொல்கிறார். கடவுளைத் தவிர யார் பாவத்தை மன்னிக்க முடியும் என்று மறைநூல் அறிஞர்கள் மனத்துக்குள் முணுமுணுக்கிறார்கள். லூயிஸ் உண்மையில் அழுத்தம் கொடுத்தது இந்தச் செயலுக்குத்தான். யாரோ மூன்றாம் மனிதருக்கு இழைத்த தீங்கை மன்னிக்க இவர் யார் என்பதே அவருடைய கேள்வி. அவரை மேற்கோள் காட்டுகிறவர்களைவிட அவர் கவனமாகத்தான் வாதாடியிருக்கிறார். ஆனால் இதே நிகழ்ச்சியை மத்தேயு எப்படி முடிக்கிறார் என்று பாருங்கள். மனிதர்களுக்கு இத்தகைய அதிகாரத்தைக் கொடுத்ததற்காக மக்கள் கடவுளைப் புகழ்ந்தார்கள் என்று முடிக்கிறார். அதாவது, இயேசு கடவுளின் அதிகாரத்தைப் பெற்றவர் என்பதே மத்தேயு கேட்ட செய்தி. அதிகாரம் பெற்றவரும் அதிகாரத்தின் மூலவரும் ஒருவரேதானா என்பதற்கு அந்தக் காட்சியில் பதில் இல்லை.

தலைமைக் குருவின் முன் நடந்த விசாரணை இதைவிட வலுவான சான்று. நீ மெசியாவா, கடவுளின் மகனா என்ற கேள்விக்கு மாற்குவின் இயேசு ஆம் என்கிறார். மானிட மகன் கடவுளின் வலப்பக்கம் வீற்றிருப்பதையும் மேகங்களோடு வருவதையும் காண்பீர்கள் என்று சேர்த்துச் சொல்கிறார். குரு தம் உடையைக் கிழித்துக்கொண்டு இது தெய்வநிந்தை என்கிறார். இந்த இடத்தில் இரண்டு சங்கடங்கள் உண்டு. பேதுரு வெளியே முற்றத்தில் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். உள்ளே நடந்ததைக் கேட்ட சீடர் என்று யாரையும் மாற்கு காட்டவில்லை. தவிர, மெசியா என்று சொல்லிக்கொள்வது யூத சமயத்தில் தெய்வநிந்தை அல்ல. 132-இல் ரோமுக்கு எதிராக எழுந்த பார் கொக்பாவை மெசியா என்று ரபி அகிவாவே வாழ்த்தியதாக யூத மரபு சொல்கிறது, அதற்காக யாரும் உடையைக் கிழித்துக்கொள்ளவில்லை. அப்படியென்றால் குருவைச் சுட்டது வலப்பக்கத்து இருக்கைதான். அது சாதாரணமான உரிமைகோரல் அல்ல. தானியேல் நூலின் வானத்து அரியணைகளில் ஒன்று மெசியாவுக்கு என்று இதே அகிவா விளக்கம் சொன்னபோது, கடவுளின் திருமுன்னிலையை எவ்வளவு காலம் இழிவுபடுத்துவீர் என்று சக ரபி ஒருவர் கடிந்துகொண்டதாகத் தல்மூதில் ஒரு குறிப்பு இருக்கிறது. கடவுளுக்குப் பக்கத்தில் யாரையாவது உட்காரவைப்பதே யூதர்களுக்குள் உரசலை உண்டாக்கப் போதுமானது என்று இதிலிருந்து தெரிகிறது. ஆனால் பக்கத்தில் உட்காருகிறவர் தாமே கடவுள் என்று சொல்கிறார் என அகிவாவும் கருதவில்லை. ரோமர்களைப் பொறுத்தவரை இந்த நுட்பம் எதுவும் பொருட்டில்லை. அவர்கள் சிலுவையில் எழுதிவைத்த குற்றம் யூதர்களின் அரசன் என்பது.

இதனால் முதல் மூன்று நற்செய்திகளின் இயேசுவை ஒரு சீர்திருத்தப் போதகர் என்ற அளவுக்குச் சுருக்கிவிடலாம் என்று மறுதரப்பு நினைத்தால், அதுவும் நடக்காது. மலைப்பொழிவை எடுத்துக்கொள்ளலாம். இறைவாக்கினர்கள் ஆண்டவர் சொல்வதாகத்தான் பேசினார்கள். இயேசுவோ முன்னோருக்குச் சொல்லப்பட்டதை எடுத்துவைத்துவிட்டு, நான் சொல்கிறேன் என்று தம் பெயரிலேயே பேசுகிறார். அமெரிக்க யூத அறிஞர் ஜேக்கப் நியூஸ்னர் 1993-இல் எழுதிய ஒரு நூலில், தாம் அந்த மலையடிவாரத்துக் கூட்டத்தில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கற்பனை செய்து இயேசுவோடு வாதாடுகிறார். மரியாதையோடு விலகிப் போயிருப்பேன் என்பதே அவர் முடிவு. காரணம், சட்டத்தை விளக்கும் ஆசிரியர் ஒருவர் எடுத்துக்கொள்ளக்கூடாத இடத்தை, கடவுளுக்கு மட்டுமே உரிய இடத்தை, இந்த மனிதர் எடுத்துக்கொள்கிறார் என்று அவருக்குப் பட்டது. போப் பதினாறாம் பெனடிக்ட் 2007-இல் இயேசுவைப் பற்றி எழுதிய நூலில் இந்த ரபியின் வாதத்துக்குப் பல பக்கங்களை ஒதுக்கியதில் வியப்பில்லை. கிறிஸ்தவர்களுக்கு இதைவிட உதவியான எதிர்ச்சாட்சி யார் கிடைப்பார்? மத்தேயுவிலும் லூக்காவிலும் ஒரே மாதிரி வரும் இன்னொரு கூற்றும் உண்டு: தந்தையைத் தவிர மகனை அறிந்தவர் இல்லை, மகனைத் தவிர தந்தையை அறிந்தவர் இல்லை என்ற பொருளில். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானிய அறிஞர் கார்ல் ஹாசேவுக்கு அது யோவானின் வானத்திலிருந்து தப்பி விழுந்த கல்லாகத் தோன்றியது. ஆக, முதல் மூன்று நற்செய்திகளில் கிடைப்பது நேரடி அறிவிப்பு அல்ல. எந்தப் பெயருக்குள்ளும் அடங்காத ஓர் அதிகாரத் தோரணை. அதைப் பார்த்து அவர் கடவுள் என்று ஊகிப்பதற்கும் இடமுண்டு, கடவுளின் இறுதி முகவர் என்று ஊகிப்பதற்கும் இடமுண்டு.

யோவானில் நிலைமை வேறு. ஆபிரகாமுக்கு முன்பே தாம் இருப்பதாக இயேசு சொல்கிறார். தாமும் தந்தையும் ஒன்று என்கிறார். தம்மைக் கண்டவர் தந்தையைக் கண்டவர் என்கிறார். எருசலேம் கோயில் வளாகத்திலேயே கல்லெறிய ஆட்கள் குனிகிறார்கள். லூயிஸ் சூத்திரத்தைச் சொல்கிறவர்கள் கடைசியில் சாய்ந்துகொள்வது இந்தச் சுவரில்தான். ஆனால் இவ்வளவு பெரிய அறிவிப்புகள் பட்டப்பகலில், திருவிழாக் கூட்டத்தின் நடுவில் நிகழ்ந்திருந்தால், மாற்கு, மத்தேயு, லூக்கா மூவரும் ஒன்றைக்கூடப் பதிவுசெய்யாமல் விட்டது எப்படி? சொல்லாமல் விட்டது நடக்கவில்லை என்பதற்கு ஆதாரமாகாது என்று பதில் வரும். சில்லறைச் செய்திகளுக்கு அது பொருந்தும். அத்தி மரத்தைச் சபித்ததை எழுத இடம் கண்ட மாற்குவும் மத்தேயுவும், தம் ஆசான் தம்மைக் கடவுளோடு ஒன்று என்று சொன்னதை எழுத இடம் காணவில்லை என்றால் நம்புவது கடினம். பழைய திருச்சபைக்கே இந்த வேறுபாடு தெரிந்திருந்தது. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் அலெக்சாந்திரியா கிளமெந்து, மற்றவர்கள் புறச்செய்திகளை எழுதிவிட்டதால் யோவான் ஆவிக்குரிய நற்செய்தியை எழுதினார் என்று விளக்கினார். யோவான் பொய் சொன்னார் என்று இதற்குப் பொருள் இல்லை. இயேசு யார் என்று அவருடைய சமூகம் அறுபது ஆண்டு தியானத்தில் கண்டடைந்ததை, அவர் இயேசுவின் வாய்மொழியாகவே எழுதியிருக்கிறார். அதே யோவானில் தந்தை தம்மைவிடப் பெரியவர் என்றும் இயேசு சொல்கிறார் என்பதை மேடைகளில் அவ்வளவாகக் கேட்பதில்லை.

இந்தியாவில் இந்த விவாதம் நேற்று வந்ததல்ல. சென்னையிலேயே வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் யூனிட்டேரியன் சபை ஒன்றைத் தொடங்கினார். 1820-இல் கல்கத்தாவில் ராம்மோகன் ராய், அற்புதங்களையும் கோட்பாடுகளையும் விட்டுவிட்டு இயேசுவின் அறவுரைகளை மட்டும் தொகுத்து வெளியிட்டபோது, செராம்பூரின் பாப்டிஸ்ட் மிஷனரி ஜோஷுவா மார்ஷ்மன் கொதித்தெழுந்தார். ராய் மூன்று மறுப்பு நூல்கள் எழுதினார்; மூன்றாவதை அச்சிட பாப்டிஸ்ட் மிஷன் அச்சகம் மறுத்துவிட, சொந்த அச்சகமே வைத்து 1823-இல் வெளியிட்டார். தந்தையோடு இயேசு ஒன்றாக இருப்பதுபோலச் சீடர்களும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இயேசு வேண்டுகிறாரே, அது ஒரே பொருளாக இருப்பதைக் குறிக்குமா, ஒரே சித்தமாக இருப்பதையா என்பது அவருடைய கேள்விகளில் ஒன்று. ராயோடு சேர்ந்து யோவான் நற்செய்தியை வங்காளத்தில் மொழிபெயர்க்க உட்கார்ந்த வில்லியம் ஆதாம் என்ற பாப்டிஸ்ட் மிஷனரி, 1821-இல் தாமே யூனிட்டேரியன் ஆகிவிட்டார். ஆதாமின் இரண்டாவது வீழ்ச்சி என்று அவருடைய சகாக்கள் கேலி பேசினார்கள். இதைவிடச் சுவையானது நூறு ஆண்டு கழித்து நடந்தது. பாளையங்கோட்டையில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் யோவான் நற்செய்தியையும் இந்திய பக்தி இலக்கியத்தையும் ஒப்பிட்டு ஆய்வுசெய்து, பின்னாளில் தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர் பேராயரான ஏ.ஜே. அப்பாசாமி, திருச்சபைக்குள் இருந்துகொண்டே அந்த ஒன்று என்ற கூற்றை அத்வைதமாகப் படிக்கக்கூடாது என்றார். அது அன்பிலும் சித்தத்திலும் செயலிலும் உள்ள ஒருமை என்பது அவர் வாசிப்பு. ராமானுசரின் சிந்தனையிலிருந்து அவர் துணை தேடிக்கொண்டார். இயேசு கடவுளின் அவதாரம் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. ஒரு வசனம் கைவிட்டுப் போனதால் அவருடைய விசுவாசம் ஆட்டம் காணவில்லை என்பதுதான் எனக்கு இதில் முக்கியம்.

ஆட்டம் காணாததற்குக் காரணம் யோவானுக்கு நாற்பது ஆண்டு முன்னே இருக்கிறது. சுமார் 54-இல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதும்போது, இஸ்ரயேலின் ஆண்டவர் ஒருவரே என்று ஒவ்வொரு யூதரும் நாள்தோறும் ஓதும் அறிக்கையை பவுல் எடுத்து, ஒரே கடவுளாகிய தந்தை என்றும் ஒரே ஆண்டவராகிய இயேசு என்றும் இரண்டு பேருக்குப் பங்கிடுகிறார். படைப்பு முழுவதும் அந்த ஆண்டவர் வழியாக வந்தது என்றும் சேர்க்கிறார். பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில், பவுலுக்கும் முந்தையது என்று பலர் கருதும் ஒரு பாடல் பகுதி வருகிறது. கடவுளின் வடிவில் இருந்தவர் தம்மை வெறுமையாக்கி அடிமையானார், சிலுவைவரை பணிந்தார், அதனால் ஒவ்வொரு முழங்காலும் அவர் பெயருக்கு மண்டியிடும் என்பது அதன் சாரம். முழங்கால் மண்டியிடுவது ஏசாயா நூலில் இருந்து எடுத்தது. அங்கே பேசுபவர் தம்மைத் தவிர வேறு கடவுள் இல்லை என்று சொல்லும் யாவே. இஸ்ரயேலின் வேதத்திலேயே மிகக் கறாரான ஓரிறைப் பகுதியை எடுத்து, ரோமர்கள் சிலுவையில் கொன்ற ஒரு கலிலேயருக்குப் பொருத்துகிறார்கள். இதற்கு முன்னே ஒற்றை வசனச் சவால் எதற்குப் பயன்படும்?

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. 1913-இல் ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் பூசெ, எருசலேமின் யூதச் சீடர்கள் இயேசுவை வணங்கவில்லை, தெய்வங்கள் மலிந்த அந்தியோக்கியா போன்ற கிரேக்க நகரங்களில்தான் வணக்கம் தொடங்கியது என்று வாதிட்டார். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே கொரிந்தியர் கடிதத்தின் முடிவில் பவுல் மாரனாதா என்று ஒரு வேண்டுதலை எழுதுகிறார். எங்கள் ஆண்டவரே வாரும் என்று இயேசுவை நோக்கிக் கூப்பிடும் அரமேய வேண்டுதல் அது. கிரேக்கம் பேசும் கொரிந்து சபைக்கு அதை மொழிபெயர்த்துக்கூடச் சொல்லவில்லை. அதற்குள் அது அவ்வளவு பழகிய வழிபாட்டு வழக்காகிவிட்டது. அரமேயம் பேசியவர்கள் கலிலேயாவிலும் யூதேயாவிலும் இருந்த முதல் சீடர்கள். ஆகவே இந்த வழக்கம் அந்தியோக்கியாவில் ஒட்டிக்கொண்டதல்ல, பாலஸ்தீனத்திலிருந்தே புறப்பட்டு வந்தது. எடின்பரோவின் லாரி ஹர்ட்டாடோ 2003-இல் இதை விரிவாக நிறுவினார். வணக்கம் மெல்ல வளர்ந்ததல்ல, வெடித்துக் கிளம்பியது என்பது அவர் முடிவு. எதிர்முகாமில் இருக்கும் பார்ட் எர்மன், இயேசு எப்படிக் கடவுளானார் என்று 2014-இல் எழுதிய நூலில், இயேசு தம்மைக் கடவுள் என்று சொல்லவில்லை என்று அடித்துச் சொல்கிறார்; ஆனால் அவர் உயிர்த்துவிட்டார் என்று சீடர்கள் நம்பிய கணத்திலேயே அவரைத் தெய்வநிலையில் வைத்துவிட்டார்கள் என்று ஒப்புக்கொள்கிறார். விசுவாசியான ஹர்ட்டாடோவும் விசுவாசத்தை விட்டுவந்த எர்மனும் சந்திக்கும் இந்த இடத்தை மேடைகள் இரண்டுமே கண்டுகொள்வதில்லை.

கான்ஸ்டன்டைன் மன்னன் 325-இல் நிசேயா சங்கத்தில் வாக்கெடுத்து இயேசுவைக் கடவுளாக்கினான் என்ற கதையை, டான் பிரவுனின் நாவல் படித்தவர்கள் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு நீண்ட பதில் தேவையில்லை. 2005-இல் இஸ்ரேலின் மெகிதோ சிறைச்சாலையை விரிவாக்கத் தோண்டியபோது கைதிகள் கையில் தட்டுப்பட்ட ஒரு தரையைப் பார்த்தால் போதும். மூன்றாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவர்கள் கூடிய அறை அது; ரோமானியப் படைமுகாமுக்குப் பக்கத்தில் இருந்தது. சிறு சிறு கற்களால் பதித்த தரை, நடுவில் மீன்கள். கயானுஸ் என்ற நூற்றுவர் தலைவர் தம் சொந்தப் பணத்தில் தரையைப் பதித்துக் கொடுத்தார் என்று ஓரிடத்தில் எழுத்து. பிரிமில்லா, சிரியாக்கா, டொரோத்தியா, கிரெஸ்தே என்ற நான்கு பெண்களை நினைவுகூருமாறு இன்னோரிடத்தில். அக்கெப்தூஸ் என்ற பெண்மணி கடவுளாகிய இயேசு கிறிஸ்துவுக்கு மேசையைக் காணிக்கையாக்கியதாக மூன்றாவது எழுத்து. இது நிசேயாவுக்கு முன்னே, ரோமப் படை அதிகாரி ஒருவர் செலவிலேயே. இன்னும் பின்னால் போனால், 112-ஐ ஒட்டி பித்தினியா ஆளுநர் இளைய பிளினி, கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி ஒரு தெய்வத்துக்குப் பாடுவதுபோலக் கிறிஸ்துவுக்குப் பாடுகிறார்கள் என்று பேரரசர் டிராஜனுக்கு அறிக்கை அனுப்பியிருக்கிறார். நிசேயாவில் ஆரியுஸ் தரப்பும் கிறிஸ்துவை வணங்கியதுதான்; அவர் படைக்கப்பட்டவரா, இல்லையா என்பதே சண்டை. எதிர்த்தரப்பில் நின்ற அத்தனாசியுஸ் அவர்களை மடக்கிய வாதங்களில் ஒன்று கவனிக்கத்தக்கது. அவர் படைப்பு என்றால், படைப்பை வணங்கியதற்காக நாம் எல்லோரும் சிலைவழிபாட்டுக்காரர்கள் ஆகிவிடுவோமே என்றார். தொழுகையிலிருந்து கோட்பாட்டுக்குப் போகும் வாதம் அது. இயேசுவின் வாக்குமூலத்தைத் தனியே பிரித்துத் தேடும் பழக்கம் வெகுகாலம் பின்னால் வந்தது: நற்செய்தி எழுதியதற்கும் இயேசு பேசியதற்கும் இடையே வெகுதூரம் இருக்கலாம் என்று ஐரோப்பா விரிவாகக் கேட்கத் தொடங்கியது, ஹாம்புர்க் பேராசிரியர் ரைமாருஸ் எழுதி ஒளித்துவைத்திருந்த கைப்பிரதியின் பகுதிகளை 1774 முதல் லெஸ்ஸிங் வெளியிட்ட பிறகுதான்.

பக்தியுள்ளவர்களின் ஆட்சேபம் ஒன்று பாக்கி இருக்கிறது. அதுதான் எனக்குக் கடினமாகத் தோன்றுவது. அவர் கடவுள் என்றால் அது அவருக்கே தெரிந்திருக்காதா? தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாரா? இந்தக் கேள்விக்குள் ஓர் எடுகோள் இருக்கிறது. கடவுள் மனிதராக வந்தால் முழுத் தகவலோடு, பிற்காலக் கோட்பாட்டுச் சொற்களோடு வருவார் என்பது. ஆனால் நற்செய்திகள் அப்படிச் சொல்லவில்லை. சிறுவன் ஞானத்தில் வளர்ந்தான் என்று லூக்கா எழுதுகிறார். இறுதி நாள் எது என்பது மகனுக்கும் தெரியாது என்று மாற்குவில் இயேசுவே சொல்கிறார். 451-இல் கல்கெதோன் சங்கம் அவர் முழுமையான மனிதர் என்று அறிக்கையிட்டபோது, மனித மனம் என்ற ஒன்று அவருக்கு இல்லை என்று யாரும் எழுதிவைக்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் பன்னாட்டு இறையியல் ஆணையம் 1985-இல் இதே சிக்கலை எடுத்துக்கொண்டபோது, தந்தையோடு தமக்குள்ள மகனுறவை இயேசு உணர்ந்திருந்தார், அவருடைய நடத்தையும் சொற்களும் கடவுளுக்கே உரிய அதிகாரத்தைக் காட்டுகின்றன என்ற அளவில் பேசியது. வாக்குமூலம் ஒன்றை அவர் வாயில் திணிக்க அது முயலவில்லை. அமெரிக்கக் கத்தோலிக்கக் குருவும் அறிஞருமான ரேமண்ட் பிரவுன் 1965-இல் புதிய ஏற்பாடு முழுவதையும் சலித்துப் பார்த்து, இயேசுவைக் கடவுள் என்று தெளிவாக அழைக்கும் இடங்கள் மூன்றே என்று எழுதினார்: யோவானில் இரண்டு, எபிரேயருக்கு எழுதப்பட்ட மடலில் ஒன்று. மூன்றும் மற்றவர்கள் அவரைப் பற்றிச் சொல்பவை. பிரவுன் கடைசிவரை குருவாகவே இருந்தார்.

ஆகவே லூயிஸின் சூத்திரத்தை மேடைகளிலிருந்து இறக்கிவிடலாம் என்பேன். அது தவறான முடிவுக்குக் கொண்டுபோகிறது என்பதால் அல்ல; இயேசு என்ன பேசினார் என்பது ஏற்கெனவே முடிவான விஷயம்போல அது தொடங்குகிறது என்பதால். கேட்கும் இளைஞர் கல்லூரிக்குப் போய் மாற்குவையும் யோவானையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும் நாளில், மூன்று வழிகளோடு நான்காவதாக, அந்தச் சொற்களைப் பிறர் அவர் வாயில் வைத்திருக்கலாமே என்ற வழியும் திறந்துகொள்ளும். அப்போது அவருக்குத் துணையாகப் பேச யாரும் இருக்க மாட்டார்கள். ஒற்றை வசனச் சவாலையும் அதோடு சேர்த்து விட்டுவிடலாம். அந்த வசனம் இல்லை என்று நிரூபித்தாலும் மாரனாதா அழிந்துவிடாது.

அப்படி விட்டுவிட்டால் மிஞ்சும் கேள்வி இன்னும் கூர்மையானது. சிலுவையில் அறையப்பட்ட ஒருவரை, ஓரிறைக் கொள்கைக்காக உயிரையும் கொடுக்கும் யூதர்கள் இவ்வளவு சீக்கிரம் தொழத் தொடங்கியது ஏன்? அவர்கள் சொன்ன காரணம் ஒன்றே: அவரை உயிரோடு கண்டோம் என்பது. அந்தச் சாட்சிகளின் பட்டியலை பவுல் கொரிந்தியருக்கு எழுதிவைத்திருக்கிறார். தாமும் பிறரிடமிருந்து பெற்றுக்கொண்டது என்று சொல்லித் தொடங்கும் அந்தப் பட்டியலில் கேபா, பன்னிருவர், ஐந்நூறுக்கு மேற்பட்டோர், யாக்கோபு, எல்லா அப்போஸ்தலர்கள், கடைசியில் தாம் என்று வரிசை வருகிறது. மனம் மாறி மூன்று ஆண்டு கழித்து எருசலேமுக்குப் போய்க் கேபாவோடு பதினைந்து நாள் தங்கியதாகவும், யாக்கோபையும் பார்த்ததாகவும் கலாத்தியருக்கு எழுதியிருக்கிறார். கேபா என்பது பேதுரு. யாக்கோபு இயேசுவின் சகோதரர். கண்டதாகச் சொன்னவர்களை நேரில் சந்தித்த ஒருவரின் கையெழுத்துக்கு இதைவிட நெருக்கமாக நம்மால் போக முடியாது. கோட்டிங்கன் பேராசிரியர் கெர்ட் லூடெமான் 1994-இல், பேதுரு கண்டது துக்கமும் குற்றவுணர்வும் உண்டாக்கிய மனக்காட்சி என்று வாதிட்டார். ஆங்கிலிக்கப் பேராயர் என்.டி. ரைட் 2003-இல் எண்ணூறு பக்கத்துக்குக் குறையாத நூலில், வெறும் மனக்காட்சியும் வெறும் காலிக் கல்லறையும் தனித்தனியே இந்த நம்பிக்கையை உண்டாக்கியிருக்க முடியாது என்று பதில் எழுதினார். இருவருமே இயேசுவின் வாக்குமூலத்தைத் தேடிப்போகவில்லை. பேதுருவின் வாக்குமூலத்தைத்தான் விசாரிக்கிறார்கள்.